மழை வந்தால் எந்தப் பக்கம்? மலைநடையில் மாற்றுவழிக்கும் ஒரு வரலாறு இருக்கிறது

போன வருசம் நாங்கள் எட்டுப் பேர் ஹந்தானை ஏறினோம். பேராதனையில் படிக்கிற எவருக்கும் ஹந்தானை என்பது விடுதி ஜன்னலுக்கு வெளியே நிற்கிற மலை. தினமும் பல் துலக்கும்போது பார்க்கிற ஒன்றுக்குத் திட்டம் எதற்கு என்ற நினைப்பு எல்லாருக்கும் இருந்தது. வன்னிச் சமதரையில் வளர்ந்த எனக்கு மலை பற்றி ஒன்றும் தெரியாது, அதனால் நானும் வாயைத் திறக்கவில்லை. காலை ஒன்பது மணிக்கு நல்ல வெயில். பன்னிரண்டரை போல மூட்டம் இறங்கியது. பத்து நிமிசத்தில் எனக்கு முன்னால் போன மூன்றாவது ஆளைக் காணவில்லை.

அதுக்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அந்த மூட்டத்துக்குள் நின்றுகொண்டு நாங்கள் ஒரு மணித்தியாலம் வாக்குவாதப்பட்டோம். "இன்னும் ஒரு உச்சிதான் மச்சான்" என்று இரண்டு பேர். திரும்புவோம் என்று மூன்று பேர். மிச்சப் பேர் போனை மேலே தூக்கிச் சிக்னல் தேடினார்கள். வந்த வழியே திரும்புவதா, இடப்பக்கம் இறங்குவதா, வலப்பக்கமா? ஒருத்தரும் அதை முதல் நாள் யோசித்திருக்கவில்லை. கடைசியில் மானாப்புல்லுக்குள்ளால் குத்துமதிப்பாக இறங்கி ஒரு தேயிலை மலையில் போய் விழுந்தோம். விறகுக் கட்டோடு வந்த ஒரு அம்மா எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "ஆத்துப் பக்கம் எறங்காதீங்க தம்பி, தண்ணி வந்துரும். அந்தா அந்தக் கவ்வாத்து மலையால போங்க, படி தெரியும்" என்றார். முக்கால் மணித்தியாலத்தில் ரோட்டில் நின்றோம். அட்டைக்கடி எல்லாருக்கும், ஒருத்திக்குக் கால் சுளுக்கு. அவ்வளவுதான் நட்டம்.

அந்த அம்மா சொன்ன இரண்டு வசனத்தில் இருந்தது ஒரு முழு மாற்றுவழித் திட்டம். எந்தப் பக்கம் போகக்கூடாது, ஏன்; எந்தப் பக்கம் போகலாம், ஏன். எங்கள் எட்டுப் பேரிடமும் இருந்த போன்களில் அது இல்லை. வரலாறு படிக்கிறவனுக்கு எதைப் பார்த்தாலும் "இது எப்ப தொடங்கிச்சு" என்று கேட்கிற வருத்தம் இருக்கும். நாள்கணக்கில் மலையில் நடக்கிற நெடும் பாதைகளில், காலநிலை கெட்டால் இதுதான் வழி என்று முன்கூட்டியே எழுதி வைக்கிற பழக்கம் எங்கே வளர்ந்தது என்று தேடப் போனேன். அது என்னை இங்கிலாந்தின் வடக்குக்கும் ஸ்கொட்லாந்துக்கும் கொண்டுபோய் விட்டது.

*

முதலில் ஒரு எளிய உண்மை. மாற்றுவழி இருக்க வேண்டும் என்றால் அந்த நிலத்தில் கால் வைக்க உரிமை இருக்க வேண்டும்.

மன்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் நடுவில் கிண்டர் ஸ்கவுட் என்று ஒரு மேட்டு நிலம் இருக்கிறது. 636 மீற்றர்தான் உயரம். எங்கள் பிதுருதலாகலையோடு ஒப்பிட்டால் குட்டி. ஆனால் இரண்டு பக்கமும் ஆலைத் தொழிலாளர் நிறைந்த நகரங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் புகைக்கு வெளியே வர நினைக்கிற சனத்துக்கு அதுதான் கிட்ட இருந்த மலை. மேட்டு நிலம் பெரும்பாலும் பிரபுக்களின் வேட்டை நிலம். காவலாளிகள் தடியோடு நிற்பார்கள். 1932 ஏப்ரல் 24ஆம் திகதி சில நூறு பேர் கூட்டமாக அதில் ஏறினார்கள். முன்னால் நின்ற பெனி ரொத்மனுக்கு அப்போது 20 வயது. ஐந்து இளைஞர்கள் சிறைக்குப் போனார்கள். ரொத்மனுக்கு நான்கு மாதம்.

இந்தக் கதையை உரிமைப் போராட்டமாகத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். அது சரி. ஆனால் நடக்கிறவனின் கோணத்தில் இன்னொன்றும் இருக்கிறது. அனுமதிக்கப்பட்ட ஒற்றைப் பாதையை விட்டு விலகினால் குற்றம் என்கிற நிலத்தில், "மழை வந்தால் பக்கத்துப் பள்ளத்தாக்கால் இறங்கு" என்ற வசனத்துக்கே அர்த்தம் இல்லை. பக்கத்துப் பள்ளத்தாக்கு வேறொருவருடையது.

மூன்று வருசம் கழித்து, 1935இல், டொம் ஸ்டீபன்சன் என்ற பத்திரிகையாளர் டெய்லி ஹெரால்ட் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். அமெரிக்காவில் அப்பலாச்சியன் பாதை இருப்பதுபோல உங்கள் நாட்டில் ஒன்று இருக்கிறதா என்று இரண்டு அமெரிக்கப் பெண்கள் கேட்டதில் இருந்து பிறந்த கட்டுரை அது. இங்கிலாந்தின் முதுகெலும்பு மாதிரி ஓடுகிற பென்னைன் மலைகளின் மேலாக ஸ்கொட்லாந்து எல்லை வரை ஒரு நீண்ட பாதை வேண்டும் என்றார். 1949இல் தேசியப் பூங்காக்கள் சட்டம் வந்தது. 1951இல் பீக் மாவட்டம் பிரித்தானியாவின் முதல் தேசியப் பூங்கா ஆனது. பென்னைன் வே திறக்கப்பட்டது 1965 ஏப்ரல் 24இல். கட்டுரைக்கும் பாதைக்கும் இடையில் முப்பது வருசம். துண்டு துண்டாக வழியுரிமை வாங்கத்தான் அவ்வளவு காலம் போனது. திகதியைக் கவனித்தீர்களா? கிண்டரில் ஏறிய அதே ஏப்ரல் 24.

*

பாதை கிட்டத்தட்ட 430 கி.மீ. தெற்கில் ஈடேல் என்ற சின்ன ஊரில் தொடங்குகிறது. தொடங்கின முதல் நாளே கிண்டர் மேட்டு நிலம். அதன் மேற்பரப்பு பீட்: செத்த பாசியும் புல்லும் ஆயிரக்கணக்கான வருசம் தண்ணீரில் ஊறி ஆன கறுப்புச் சேற்று மண். மழைநீர் அதை அறுத்து ஆள் உயரப் பள்ளங்களாக்கி வைத்திருக்கிறது. ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் இன்னொன்று. எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். வெயிலிலேயே நேராக நடக்க முடியாது. மூட்டத்தில் திசைகாட்டி தெரியாதவன் வட்டம்தான் அடிப்பான்.

பழைய பிரதான வழி இந்தப் பீட் நடுவால் போனது. கிரைண்ட்ஸ்புரூக் ஓடையோரம் ஏறி, மேட்டை ஊடறுத்து, மறுபக்கத்தில் கிண்டர் நீர்வீழ்ச்சிக்கு வர வேண்டும். கூடவே கெட்ட காலநிலைக்கு என்று இன்னொரு வழியும் சொல்லப்பட்டது. பள்ளத்தாக்கோரமாக அப்பர் பூத் என்ற பண்ணைக்குப் போய், ஜேக்கப்ஸ் லாடர் என்கிற பழைய படிப்பாதையில் ஏறி, பிறகு மேட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அதே நீர்வீழ்ச்சிக்கு வருவது.

இந்த இரண்டாவது வழியைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு ஒரு விசயம் புதிதாக விளங்கிச்சு. மாற்றுவழி என்றால் தாழ்வான வழி என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஜேக்கப்ஸ் லாடர் வழி அப்படி ஒன்றும் பெரிதாகத் தாழ்வில்லை. அதுவும் மேட்டு விளிம்புவரை ஏறுகிறது, தூரமும் குறைவில்லை. அதன் பலம் வேறு. முதலில் பள்ளத்தாக்குப் பாதை, பிறகு படி, பிறகு ஒரு பக்கம் சரிந்து விழுகிற விளிம்பு என்று போகிறவனுக்குக் கூடவே ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். கண் தெரியாதவர் சுவரைத் தடவிக்கொண்டு போகிற மாதிரி அதைத் தொட்டுக்கொண்டு போகலாம். தொலைவதற்கு இடம் குறைவு. ஹந்தானை அம்மா "படி தெரியும்" என்று சொன்னதும் இதைத்தான். கவ்வாத்து வெட்டின மலையில் செடி முழங்காலுக்குக் கீழே நிற்கும், படிக்கட்டு மூட்டத்திலும் கண்ணில் படும்.

நேரக் கணக்கும் இந்தத் திட்டமிடலின் ஒரு பாதி. அதற்கு ஒரு பழைய சூத்திரம் இருக்கிறது. வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்கொட்லாந்து மலையேறி 1892இல் சொன்னது: மூன்று மைலுக்கு ஒரு மணித்தியாலம், அதோடு 2000 அடி ஏற்றத்துக்கு இன்னொரு மணித்தியாலம். நமது கணக்கில் சொன்னால் ஐந்து கி.மீ.க்கு ஒரு மணி, 600 மீற்றர் ஏற்றத்துக்கு ஒரு மணி. 130 வருசம் கழிந்தும் ஆட்கள் இதை வைத்துத்தான் தொடங்குகிறார்கள். ஆனால் இது நல்ல உடம்பு உள்ளவனுக்கு, நல்ல நாளில், சாப்பாட்டு ஓய்வு இல்லாமல். எதிர்காற்றிலும் சேற்றிலும் இந்தக் கணக்கு பொய்த்துப் போகும். அது பொய்த்துப் போகிற நாளில்தான் மாற்றுவழி தேவைப்படுகிறது என்பது இதில் இருக்கிற பகிடி.

*

பகிடி இல்லாத பகுதி இனித்தான்.

பென்னைன் வே திறப்பதற்கு ஒரு வருசம் முன்னால், 1964 மார்ச் 14-15இல், அதே பீக் மாவட்டத்து மேட்டு நிலத்தில் 'நான்கு விடுதிகள்' என்ற நெடுநடைப் போட்டி நடந்தது. சாரணர்கள் நடத்துகிற போட்டி. மலைமேல் இருந்த நான்கு பழைய விடுதிகளைத் தொட்டுக்கொண்டு நாற்பது மைலுக்கு மேல் நடக்க வேண்டும். அந்த வருசம் தொடங்கினவர்கள் 240 பேர். முடித்தவர்கள் 22 பேர். மூன்று ரோவர் சாரணர்கள் குளிரில் விறைத்துச் செத்துப்போனார்கள். எல்லாம் எங்கள் வயதுப் பொடியள்.

இதில் எவரஸ்ட் மாதிரிப் பெரும் பனிப்புயலை நினைக்க வேண்டாம். உறைநிலைக்குச் சற்று மேலான குளிர், விடாத மழை, பலத்த காற்று. சாதாரண ஆங்கிலேய மார்ச் மாதம். ஏன் செத்தார்கள் என்று ஆராய்ந்தவர் கிரிஃபித் பியூ என்ற உடலியல் அறிஞர். 1953 எவரஸ்ட் பயணத்தில் கூடப் போனவர். அவருடைய ஆய்வு அதே வருசம் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. அதன் சாரத்தை நான் விளங்கிக்கொண்ட மட்டில் சொல்கிறேன். நனைந்த உடுப்பு, காற்றும் சேர்ந்து அடிக்கும்போது, சூட்டைப் பிடித்து வைக்கிற தன்மையில் பெரும்பகுதியை இழந்துவிடும். ஆனாலும் வேகமாக நடக்கிறவரை உடம்பு தானே உண்டாக்குகிற சூடு அந்த இழப்பை ஈடு செய்யும். களைத்து, வேகம் குறைகிற நேரத்தில் கணக்குப் பிழைக்கும். உண்டாகிற சூடு குறையும், இழக்கிற சூடு குறையாது. அதற்குப் பிறகு சரிவு மிக வேகம்.

இதை மாற்றுவழியோடு வைத்துப் பாருங்கள். களைப்பு வந்த பிறகு தேடுகிற வழி பிந்திய வழி. நடக்கிறவன் தனக்கு இன்னும் பலம் இருக்கிறது என்று நினைக்கிற நேரத்திலேயே திரும்பியாக வேண்டும். ஆனால் பலம் இருக்கிற நேரத்தில் எவன் திரும்புவான், அதுவும் போட்டியில்? 240 பேர் கண்முன்னால்? எனக்கு இந்த இடத்தில் நிச்சயமான பதில் இல்லை. அதனால்தான் முடிவை ஆளின் மனசில் விடாமல் கடிகாரத்துக்கும் கடதாசிக்கும் மாற்றினார்கள் என்று நினைக்கிறேன். இன்ன இடத்தை இன்ன மணிக்குள் தாண்டாவிட்டால் இறங்கு. 'நான்கு விடுதிகள்' நிறுத்தப்படவில்லை, கடும் விதிகளோடு தொடர்ந்தது. அந்தச் சாவுகளின் விளைவாக 1964இலேயே பீக் மாவட்ட மலைமீட்பு அமைப்பு உருவானது. 1956இல் தொடங்கிய எடின்பரோ கோமகன் விருதுத் திட்டத்தின் மலைநடைகளில் பிள்ளைகள் நிரப்பிக் கொடுக்கிற வழி அட்டையைப் பார்த்தால், தூரம், ஏற்றம், நேரம் என்ற கட்டங்களோடு, இங்கிருந்து தப்புவது எப்படி என்றும் ஒரு கட்டம் இருக்கும். அந்த விருது இலங்கைப் பாடசாலைகளிலும் இருக்கிறது. எங்கள் குழுவில் ஒருத்தன் அதில் பதக்கம் வாங்கினவன். ஹந்தானையில் "இன்னும் ஒரு உச்சிதான்" என்று சொன்னவனும் அவன்தான். பெயர் போடவில்லை, அவனுக்குத் தெரியும்.

*

1971 நவம்பர் சம்பவத்தை வாசித்துவிட்டு இரண்டு நாள் எனக்கு எழுத முடியவில்லை.

ஸ்கொட்லாந்தின் கெயார்ன்கோர்ம் மலை மேடு ஆயிரம் மீற்றருக்கு மேலே விரிந்து கிடக்கிற வெறுந்தரை. குளிர்காலத்தில் வட துருவம் மாதிரி. எடின்பரோவில் இருந்து ஒரு பாடசாலைப் பிள்ளைகள், பெரும்பாலும் பதினைந்து பதினாறு வயது, இரண்டு குழுவாக மேட்டைக் கடந்து மறுபக்கத்துப் பள்ளத்தாக்கில் உள்ள கோரூர் குடிசைக்குப் போவதாகத் திட்டம். ஒரு சனிக்கிழமை புறப்பட்டார்கள். அவர்களுக்கும் மாற்றுத் திட்டம் இருந்தது, அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். காலநிலை கெட்டால் மேட்டின் மேலேயே இருந்த கரன் என்ற சின்னப் புகலிடத்தில் இரவைக் கழிப்பது. 1960களில் நல்ல நோக்கத்தோடு கட்டப்பட்ட குடிசை அது.

பனிப்புயல் வந்தது. பலமான குழு கரனைக் கண்டுபிடித்து உள்ளே போய்விட்டது. மற்றக் குழுவால் முடியவில்லை. அதை வழிநடத்தியவர் இருபது வயதுக் கல்லூரி மாணவி. புகலிடத்தில் இருந்து அதிக தூரம் இல்லாத வெளியில், பனியில், இரண்டு இரவுகள். திங்கட்கிழமை அந்த மாணவி உதவி தேடித் தவழ்ந்து வருவதை ஹெலிகொப்டர் கண்டது. ஐந்து பிள்ளைகளும் பதினெட்டு வயதுப் பயிற்சி உதவியாளர் ஒருவரும் இறந்திருந்தார்கள். உயிர் தப்பியவர்கள் அந்த மாணவியும் ஒரு பையனும் மட்டும்.

அடுத்த வருசம் விசாரணை நடந்தது. அதற்குப் பிறகு வந்த விவாதம்தான் மாற்றுவழியின் வரலாற்றில் முக்கியமானது என்று நான் நினைக்கிறேன். மேட்டில் புகலிடங்கள் இருக்க வேண்டுமா? ஒரு பக்கத்தார் கேட்டார்கள்: குடிசைக்குள் போன குழு பிழைத்ததே, அதை எப்படி இடிப்பீர்கள்? மறுபக்கத்தார் சொன்னார்கள்: அந்தக் குடிசை இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் ஆட்கள் கெட்ட நாளிலும் மேலே ஏறுகிறார்கள், புயலில் அதைக் கண்டுபிடிக்கவே முடியாது, பனி மூடிவிடும். இரண்டாவது பக்கம் வென்றது. கரனும் அதோடு இன்னொரு மேட்டுப் புகலிடமும் 1975இல் அகற்றப்பட்டன.

நான் யார் பக்கம்? கொஞ்சம் தயங்கித்தான், இடித்தவர்கள் பக்கம். காரணம் இது. அந்த மாற்றுத் திட்டம் ஆட்களை ஆபத்துக்கு வெளியே கொண்டுபோகவில்லை, அதன் நடுவுக்குக் கொண்டுபோனது. வெயிலில் எவரும் கண்டுபிடிக்கக்கூடிய, புயலில் கெட்டிக்காரர் மட்டும் கண்டுபிடிக்கக்கூடிய ஒரு இடத்தைப் புயலுக்கான இடமாக எழுதி வைத்திருந்தார்கள். கோரூருக்குப் பள்ளத்தாக்கு வழியாகவும் போகலாம். லாரிக் க்ரூ என்கிற கணவாயால், உச்சம் 835 மீற்றர். நீளமான, அலுப்பான நடை. ஆனால் இருபக்கமும் மலைச்சுவர் இருக்கிற ஒரு பள்ளத்தாக்கு. அந்த நாளில் அதுவும் பாதுகாப்பாக இருந்திருக்குமா என்று ஐம்பது வருசம் கழித்து மேசையில் இருந்து நான் சொல்வது சரியில்லை. வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம் என்பதும் ஒரு வழிதான். அதை எந்த வரைபடமும் கோடு போட்டுக் காட்டுவதில்லை.

இன்னொன்று. அந்த இருபது வயது மாணவியைக் குற்றம் சொல்லி எழுதின ஆட்கள் இருக்கிறார்கள். நானும் இப்ப இருபத்திரண்டு. எட்டுப் பேரோடு மூட்டத்தில் நின்றபோது என்னால் ஒரு வசனம் உருப்படியாகச் சொல்ல முடியவில்லை.

*

திரும்பக் கிண்டருக்கு வருவோம், அங்கே நடந்தது வேறு மாதிரி.

பென்னைன் வே பிரபலமானது. ஆயிரக்கணக்கான சப்பாத்துகள் அதே பீட்டை மிதித்தன. பாசி செத்தது, சேறு அகன்றது, ஆட்கள் சேற்றைச் சுற்றி நடக்க நடக்கப் பாதை ரோட்டைவிட அகலமானது. நடைவழிகாட்டி நூல்களுக்குப் பேர்போன அல்பிரட் வெயின்ரைட், தன் பென்னைன் நூலுக்காக நடந்தபோது பிளாக் ஹில் என்ற இடத்தில் சேற்றில் புதைந்து, பூங்காக் காவலர் ஒருவர் இழுத்துத்தான் வெளியே வந்தார். 1968இல் வந்த அந்த நூல் முழுக்க இந்தப் பாதை மேல் அவருக்கு இருந்த எரிச்சல் தெரியும்.

கடைசியில் கிரைண்ட்ஸ்புரூக் வழி கைவிடப்பட்டு, கெட்ட காலநிலைக்கென்று சொல்லப்பட்ட ஜேக்கப்ஸ் லாடர் வழியே அதிகாரபூர்வப் பாதை ஆனது. பிளாக் ஹில்லுக்கு வடக்கிலும் இதே கதை: சேற்று மேட்டை நேராகக் கடந்த பழைய வழி போய், வெசென்டன் பள்ளத்தாக்கால் சுற்றிப் போகிற மாற்றுவழி பிரதான வழியானது. இன்று ஈடேலில் புறப்படுகிற எவரும் தான் மழைக்கால வழியில் நடக்கிறேன் என்று நினைப்பதில்லை. மிச்சச் சேற்றின் மேல் கற்பலகை போட்டார்கள். அந்தக் கற்கள் மூடப்பட்ட பருத்தி ஆலைகளின் தரைக் கற்கள். ஹெலிகொப்டரில் கொண்டுவந்து இறக்கினவை. 1932இல் எந்த ஆலைகளில் இருந்து தப்பி ஒரு நாள் மூச்சு விட ஆட்கள் இந்த மலைக்கு ஓடி வந்தார்களோ, அதே மாதிரி ஆலைகளின் தரை இப்ப மலையில் பாதையாகக் கிடக்கிறது. இதை வாசித்த அன்று விடுதியில் எல்லாருக்கும் சொல்லித் திரிந்தேன், ஒருத்தரும் பெரிதாக எடுக்கவில்லை.

பாதையின் வட முனையில், செவியட் மலைகளில், மாற்றுவழி இன்னும் மாற்றுவழியாகவே இருக்கிறது. கடைசிக் கட்டம் நாற்பது கி.மீ.க்கு மேல். மலைமுதுகில் இரண்டு மரக் குடிசைகள் புகலிடமாக நிற்கின்றன. முடிவுக்குச் சில மைல் முன்னால் பாதை இரண்டாகப் பிரிகிறது; ஒன்று மேட்டால், மற்றது காலநிலைக்குப் பயந்தவர்களுக்குப் பள்ளத்தாக்கால். இரண்டும் கேர்க் யெத்தம் என்ற ஒரே ஊரில் போய்ச் சேரும். பதினைந்து இருபது நாள் நடந்து களைத்தவனுக்கு, களைத்த இடத்தில், கேள்வி கேட்காமல் ஒரு இறங்கு வழி. அதை எடுத்தவன் பென்னைன் வே முடிக்கவில்லை என்று எவரும் சொல்வதில்லை. இந்தக் கடைசி விசயம் சின்னதாகத் தெரியும். ஆனால் ஹந்தானையில் எங்களை ஒரு மணித்தியாலம் நிற்க வைத்தது மூட்டம் இல்லை, திரும்பினால் ஏறாத கணக்கு என்ற வெட்கம்.

*

இதை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்ட முடியாது. அங்கே கொல்வது குளிர். அதனால் பள்ளத்தாக்கில் இறங்கினால் பெரும்பாலும் பிழைக்கலாம். எங்கள் மலைநாட்டில் மழை என்றால் ஆறு ஏறும், மண் சரியும், முதுகில் நின்றால் இடி. இறங்கு என்று மட்டும் சொன்னால் காணாது. ஓடையைக் கடக்காமல் இறங்க வேண்டும், வெட்டின சரிவுகளுக்கு அடியால் போகக்கூடாது. பருவக்காற்றுகளுக்கு இடையில் வருகிற ஏப்ரல், ஒக்டோபர் மாதங்களில் மழை பின்னேரம்தான் கொட்டும்; அந்த மாதங்களில் மதியத்துக்குள் கீழே நிற்பதே பாதித் திட்டம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை இருக்கிற நாளில் மாற்றுவழி என்பது விடுதி அறைதான்.

இப்ப எங்களிடமும் ஒரு நெடும் பாதை இருக்கிறது. பீக்கோ ட்ரெயில், 300 கி.மீ.க்கு மேல், 22 கட்டங்கள்; ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடிகிறது. அதன் பெரும்பகுதி தேயிலைத் தோட்டங்களுக்குள்ளால் போகிற பாதைகள். மலையகத் தமிழர் நூற்றைம்பது வருசத்துக்கு மேலாகக் கொழுந்துக் கூடையோடும் பிள்ளைகளோடும் மழையில் நடந்து நடந்து உண்டான ஒற்றையடிப் பாதைகளும் அதைச் சுற்றித்தான் கிடக்கின்றன. எந்த ஓடை எத்தனை மணி மழைக்கு ஏறும், எந்த மலை இந்த வருசம் கவ்வாத்து, எந்தப் படி உடைந்து கிடக்கிறது என்பது லயத்தில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். அது எந்தச் செயலியிலும் இல்லை. இருந்தாலும் அடுத்த வருசம் பிழையாகிவிடும், கவ்வாத்து மலை மாறிவிடுமே.

இந்த ஜனவரியில் திரும்பவும் ஏறினோம், அதே எட்டுப் பேர். முதல் நாள் பின்னேரமே இரண்டு பேர் தோட்டத்துக்குப் போய்க் கதைத்துவிட்டு வந்தார்கள். கொப்பி ஒற்றையில் பென்சிலால் கோடு போட்டோம்: வாகனம் வருகிற ரோட்டுக்கு மூன்று இறங்கு வழி, ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிசம், கடைசி இறங்கு வழியை எத்தனை மணிக்கு முன் தாண்ட வேண்டும். பன்னிரண்டு மணிக்குள் தாண்டாவிட்டால் இறங்குவது, கதை பேச்சு இல்லை. பதினொன்று ஐம்பதுக்கு அந்த இடத்துக்கு வந்தோம். மேற்கே மூட்டம் கட்டத் தொடங்கியிருந்தது. பதக்கக்காரன் மணிக்கூட்டைப் பார்த்தான், ஒற்றையைப் பார்த்தான், ஒன்றும் சொல்லாமல் முதல் ஆளாக இறங்கத் தொடங்கினான்.

ஒன்றரைக்குக் கீழே கடையில் பிளேன் டீ குடித்துக்கொண்டிருந்தோம். மூட்டம் கலைந்து மலை முழுசாக வெயிலில் நின்றது. மழை வரவே இல்லை. "ஏறியிருக்கலாம் என்ன?" என்று ஒருத்தி கேட்டாள். "ஓம், ஏறியிருக்கலாம்" என்றான் அவன். பிறகு இன்னொரு டீ சொன்னான்.